பழைய பெரிய சிம்மை நானோ அளவுக்கு நானே வெட்டலாமா? அம்மா சேவ் பண்ண நம்பர் எல்லாம் அதுலதான் இருக்கு

கேள்வி:
வணக்கம். அம்மா இத்தனை வருஷமா பட்டன் போன்தான் வச்சிருந்தாங்க. போன வாரம் 4ஜி போன் வாங்கிக் கொடுத்தேன். அதுல நானோ சிம்தான் போகும். அம்மாவோடது 2007ல எடுத்த பெரிய சிம். சொந்தக்காரங்க நம்பர் முழுக்க சிம்லயே சேவ் ஆகியிருக்கு, வேற எங்கேயும் எழுதி வைக்கல. கத்தரிக்கோலால வெட்டிடலாமா? தங்கத் தகடே நானோ அளவைவிடப் பெருசா தெரியுது, அதான் கை வரல.

பதில் 1:
பெரிய சிம் 25க்கு 15 மி.மீ., மைக்ரோ 15க்கு 12, நானோ 12.3க்கு 8.8. மைக்ரோவா வெட்டுறது சுலபம், பிளாஸ்டிக் மட்டும்தான் போகும். நானோன்னா பழைய சிம்ல தகட்டோட ஓரத்தையும் சேர்த்து நறுக்கணும். சிப் தகட்டுக்கு அடியில நடுவுல இருக்கு. அதுலேர்ந்து முடியைவிட மெல்லிசான கம்பிகள் தகட்டுக்குப் போகும், ஒண்ணு அறுந்தாலும் சிம் போச்சு. கனமும் வேற: பழசு 0.76, நானோ 0.67 மி.மீ. நான் ஒருதடவை பின்பக்கத்தை உப்புத்தாள்ல தேய்க்காம அப்படியே சொருகி, டிரே உள்ளேயே மாட்டிக்கிச்சு. ஊசியால நெம்பி எடுக்கிறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

பதில் 2:
தயவுசெஞ்சு வெட்டாதீங்க. 2ஜி காலத்து சிம்னா கச்சிதமா வெட்டினாலும் 4ஜி எடுக்காது. அம்மாவை ஆதாரோட கம்பெனி ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, சிம் யார் பேர்ல இருக்கோ அவங்க நேர்ல வரணும். அதே நம்பருக்கு நானோ சிம் மாத்திக் கொடுப்பாங்க. பழசுல சிக்னல் போயிடும், ஆனா சேவ் பண்ண நம்பர்கள் அட்டையிலேயே இருக்கும், பட்டன் போன்ல போட்டா படிக்கலாம். வெட்டி சிப் போச்சுன்னா அதுவும் சேர்ந்து போயிடும். மாத்தினதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, பேங்க் ஓடிபி தேவைப்படுற நாளா பார்த்துப் போயிடாதீங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. இன்னைக்குக் காலையில மாத்தியாச்சு, சிம் அம்மா பேர்லயே இருந்ததால சிக்கல் இல்ல. பழைய சிம்மை மறுபடி பட்டன் போன்லயே போட்டுட்டு, அம்மா வாசிக்க வாசிக்க நான் புது போன்ல ஏத்தினேன். மொத்தம் 83 நம்பர். சிம்ல பெயருக்கு இடம் கம்மி போல, ‘கும்பகோணம் அத்’னு பாதியிலேயே நிக்குது. அத்தையா அத்தானான்னு எனக்குத் தெரியல. “அத்தைதான்டா, போட்டுப் பேசு”ன்னாங்க. புது போன்லேர்ந்து முதல் கால் அவங்களுக்குத்தான் போச்சு.

ஒரே ஒரு சந்தேகம்: கேஸ் புக் பண்ணணும், மெசேஜ் இன்னும் வரல. நாளைக்குக் காலை வரைக்கும் பொறுக்கணுமா?

பதில் 2:
ஆமாங்க, 24 மணி நேரம் முடியட்டும். பழைய சிம்மை ஒடிச்சுப் போடாம ஒரு கவர்ல எடுத்து வைங்க.