ஆச்சி பிரித்த பங்கு: நிறையப் பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்த பாட்டிமார்களைப் பற்றிய அனுபவப் பகிர்வு

கோவில்பட்டிப் பேத்தி

மே மாத விடுமுறையை ஆச்சி வீட்டில் கழித்தவர்களுக்கு அந்த வீட்டின் நடைமுறையை நான் விளக்கத் தேவையில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு 1984. கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். மாமாக்களின் பிள்ளைகள், சித்திகளின் பிள்ளைகள், நாங்கள் மூவர் என்று மொத்தம் 13 பேர் அந்த ஓட்டு வீட்டில் இருந்தோம்.

ஆச்சியின் கோழிகளிடமிருந்து பெரும்பாலும் நாளுக்கு மூன்று முட்டைகளே கிடைத்தன. கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு அதில் ஒட்டி வீணாகும் என்பதால், அடுப்படி ஆணியில் தொங்கிய வெள்ளை நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைக் கையால் இழுத்துப் பிடித்து, அவித்த முட்டை ஒவ்வொன்றையும் நான்காக அறுப்பார். துண்டுகள் 12, பிள்ளைகள் 13. இன்று விடுபட்ட பிள்ளைக்கு நாளை முதல் துண்டு என்பது அவர் வைத்திருந்த முறை. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி அந்த வரிசையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்பதை நாங்கள் 13 பேரும் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிற்பகல்களில் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டிக்கூடு ஒட்டுவோம். ஒரு நாள் பசைச் சட்டியை எடுக்க நான் உள்ளே போனபோது, மூத்த மாமாவின் இரண்டாவது மகன் குதிரின் மறைவில் நின்று ஒரு முழு முட்டையைத் தின்றுகொண்டிருந்தான். ஆச்சி அவன் முன்னால் குத்துக்காலிட்டு அமர்ந்து, அவன் வாயோரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஏட்டி, வெளியே போ" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அகப்பட்டுக்கொண்ட பிள்ளையின் பயம் இருந்தது. ஒரு முழு முட்டை என்பது நான்கு பேரின் பங்கு என்ற கணக்குத்தான் ஒன்பது வயதில் எனக்குத் தோன்றியது. திண்ணைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னேன்.

அன்று இரவு என் அம்மாவும் அத்தையும் போட்ட சண்டையை எழுத விரும்பவில்லை. மறுநாள் முதல் ஆச்சி முட்டை அவிக்கவில்லை. மூன்றையும் கடையில் கொடுத்து எண்ணெய் வாங்கினார். விடுமுறை முடியும்வரை அந்த நூல் ஆணியில் அப்படியே தொங்கியது. ஆச்சி இறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டதே இல்லை.

மேலூர்க்காரர்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, சகோதரி. மகன் வழிப் பேரனுக்கு முழு முட்டை, மகள் வழிப் பேத்திக்குக் கால் முட்டை என்பது எங்கள் பக்கத்திலும் நடந்ததுதான். கொள்ளி வைப்பவன் மகன், நெய்ப்பந்தம் பிடிப்பவன் பேரன் என்ற எண்ணத்தில் வளர்ந்த பெண்கள் அவர்கள். அதற்குக் காரணம் தேடி நீங்கள் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அப்பத்தா பாகுபாடு பார்க்காத ஒரே இடம் விளக்கெண்ணெய். விடுமுறையின் முதல் ஞாயிறு அதிகாலையில் பத்துப் பேரையும் எழுப்பி நிறுத்துவார். ஒவ்வொருவராகத் தம் இரு முழங்கால்களுக்கு இடையில் அழுத்திப் பிடித்து, மூக்கை மூடி, சங்கில் ஊற்றிப் புகட்டுவார். அதற்குப் பிறகு யார் எத்தனை முறை கொல்லைப்பக்கம் போய் வந்தார் என்பதைக் கணக்கு வைக்க, திண்ணையில் ஆளுக்கொரு கட்டம் கீறி, ஒவ்வொரு முறைக்கும் ஒரு புளியங்கொட்டை வைப்பார். ஏழு கொட்டை சேர்ந்தவருக்கு விடுதலை. வெந்நீரும் ரசஞ்சோறும் கிடைக்கும்.

ஒரு முறை என் தம்பியின் கட்டத்தில் 11 கொட்டைகள் சேர்ந்துவிட்டன. அவனுக்கு வயது நான்கு. பன்னிரண்டாவதை வைக்கக் கையை நீட்டிய அப்பத்தா, அவன் கண் செருகுவதைக் கண்டு அந்தக் கொட்டையைக் கீழே போட்டார். கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு விடியவிடியப் பாலாடையால் புகட்டினார், அவன் பிழைத்தான். மறு ஆண்டும் அதே ஞாயிற்றில் எங்களை வரிசையில் நிறுத்தினார். தம்பியின் முறை வந்தபோது மட்டும் அவர் கை நடுங்கி எண்ணெய் அவன் சட்டையில் கொட்டியது. வேண்டுமென்றே கொட்டினாரா என்பதுதான் இன்றுவரை எனக்குள் இருக்கும் கேள்வி.

தாராபுரம் செவிலியர்

மேலே இருப்பதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அம்மாயியும் ஆறு பேரைச் சேர்த்து வளர்த்தவர்தான்; கைப்பிள்ளைகளுக்கு வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவார், மூக்கில் எண்ணெய் ஊதுவார். அவர் அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு 11 முறை வயிற்றால் போவது உயிருக்கே ஆபத்தானது. அதை இனிமையான நினைவாக மட்டும் எழுதினால், இதைப் படிக்கும் யாரோ ஒருவர் இந்த மே மாதம் விளக்கெண்ணெய் பாட்டிலைக் கையில் எடுப்பார்.

குடற்புழுவுக்குப் பேதி கொடுப்பது இன்று தேவையே இல்லை. ஒன்று முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரையை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகவே தருகிறார்கள். 2015 முதல் பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளாக இருக்கிறது. ஒரு முழு மாத்திரை 400 மில்லிகிராம். ஒரு வயது முடிந்து, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குப் பாதி போதும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். அது கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். உப்பு அளவுக்கு மேல் போகக் கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் பழக்கம் உள்ள வீடுகள் ஒரு வயது முடியும்வரை அதை நிறுத்த வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு, கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். மூக்கில் ஊதும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் நிமோனியாவை உண்டாக்கும். வசம்பும் வேண்டாம்.

கோவில்பட்டிச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. அந்தப் பையன் அப்போது நோயிலிருந்து எழுந்திருந்தானா என்று நினைத்துப் பாருங்கள். மஞ்சள் காமாலை, அம்மை என்று ஏதாவது வந்து போயிருந்தால், பத்தியம் முடிந்ததும் முட்டை கொடுப்பது எந்தப் பாட்டிக்கும் தோன்றக்கூடியதே.

யாழ்ப்பாணத்துப் பேரன்

பங்கு என்ற சொல்லைப் படித்ததும் எழுதுகிறேன். 1995 அக்டோபர் 30 அன்று போர் நெருங்கியதால், யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமத்தை விட்டு எல்லோரும் ஒரே இரவில் வெளியேறியபோது, எங்கள் அம்மம்மாவின் பொறுப்பில் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர் இருந்தோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் மழைக்குள், இருட்டுக்குள், கால் வைக்க இடமில்லாத சனநெருக்கத்தில், அவர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எங்கள் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். அதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு பாலத்துக்கு அப்பால் தென்மராட்சிப் பகுதியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாங்கள் வாழ்ந்த நாட்களைப் பற்றி.

சீனிக்கு வழியில்லை. வெறுந்தேநீரும், கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டியும்தான் காலை உணவு. அம்மம்மா பாக்குவெட்டியால் பனங்கட்டியைப் பத்துத் துண்டாக நறுக்கி, ஓலைப்பெட்டியின் மூடியில் பரப்பி வைத்துவிட்டுத் தேநீர் வார்ப்பார். ஒரு நாள் அவர் திரும்பி நின்ற நேரத்தில் நான் ஒரு துண்டை எடுத்து வாய்க்குள் அடக்கிக்கொண்டேன். அவர் வந்து எண்ணினார், ஒன்பது இருந்தது. மறுபடி எண்ணினார். எங்கள் யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லை. "என்ர கண் மங்கிப் போச்சுது. பிள்ளை, இனி நீ எண்ணு" என்று பாக்குவெட்டியை என் அக்காவின் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து பங்கு பிரிப்பது அக்காவின் வேலையானது. அரிசியில் கல் பொறுக்குவதையும் ஊசியில் நூல் கோர்ப்பதையும்கூட, கண் தெரியாது என்று சொல்லி அம்மம்மா ஒவ்வொன்றாகப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு வீடு திரும்பிய பின்னும் அவர் எதையும் எண்ணித் தரவில்லை. அவருடைய கண் நன்றாகத்தான் இருந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

திருப்பூர் அம்மாயி

நான் இங்கே பேத்தியாக எழுத வரவில்லை. எனக்கு 66 வயது. இரண்டு மகள்களும் ஒரு மருமகளும் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். மாலைச் சிப்டு நீளும் நாட்களில் இரவு ஒன்பது மணிவரை ஏழு பேரப்பிள்ளைகளும் என்னிடம்தான் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவு வந்தபோது, ஐந்து பேருக்குக் காலையில் இட்லி ஊற்றும் வேலை எனக்குக் குறைந்தது. மதியச் சாப்பாட்டில் முட்டையும் வந்துவிடுகிறது. முதியோர் பணம் 1200 ரூபாய் மாத நடுவிலேயே தீர்ந்துவிடும். இதையெல்லாம் சொல்வது வருத்தத்தைக் காட்ட அல்ல. என் வீட்டில் பங்கு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

மேலூர்த் தம்பி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பேரப்பிள்ளைகளில் ஒருவன் ஐந்து வயதாகியும் பேசுவதில்லை. மற்ற ஆறு பேரும் கேட்டு வாங்குவார்கள், பறிப்பார்கள், அழுவார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நான் தனியாக ஊட்டுகிறேன், சில நாள் மறைத்தும் ஊட்டுகிறேன். அவன் மகள் வயிற்றுப் பிள்ளைதான். போன மாதம் மருமகளின் மூத்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் இல்லை, அப்பாயி?" என்று கேட்டாள். அவளை அடித்துவிட்டேன். அந்தக் குழந்தை கேட்டதில் தப்பே இல்லை. அவள் இப்போதெல்லாம் தன் தட்டில் வைப்பதில் பாதியை எடுத்து அவன் தட்டில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

செவிலியர் அம்மா சொன்னதில் தேன் விஷயத்தை என் சின்ன மகளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு வைகாசியில் பிரசவம். ஆனால் வசம்பு கொடுத்த எங்கள் தாய்மாரைக் குற்றவாளிபோல் பேச வேண்டாம். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை வயிறு உப்பிக் கத்தும்போது, அவர்கள் கைக்கு எட்டியது அது ஒன்றுதான்.

தாராபுரம் செவிலியர்

குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, அம்மா. ஐந்து வயதாகியும் பேசாத பிள்ளையை மாவட்ட அரசு மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு உடனே அழைத்துப் போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள், பேச்சுப் பயிற்சியும் அங்கேயே உண்டு, இலவசம்தான். இதை நீங்கள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கே போங்கள்.

கோவில்பட்டிப் பேத்தி

எல்லோருடைய பதிலையும் இரண்டு முறை படித்தேன். நேற்று இரவு அந்த மாமா மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு இப்போது 52 வயது. அந்த வருடம் உனக்குக் காய்ச்சல் ஏதும் வந்திருந்ததா என்று கேட்டேன், நினைவில்லை என்றார். ஆச்சி உனக்கு முழு முட்டை கொடுத்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அதுவும் அவருக்கு நினைவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ திண்ணையில வந்து நின்னு சொன்னது ஞாபகம் இருக்கு. கையில பசை சொட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.