60 சதவீதம் வாங்கியும் டெலிகேட் கணக்கில் சமமா?

சனிக்கிழமைவாசி:
அமெரிக்கத் தேர்தல் பற்றிய பழைய செய்திகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். 2016 பிப்ரவரி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்கு மக்கள் ஓட்டுப் போடும் தேர்தல். சாண்டர்ஸ் 60 சதவீதம், ஹிலாரி 38. ஆனால் மறுநாள் டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவுசெய்ய ஓட்டுப் போடும் பிரதிநிதி) கணக்கில் 15-க்கு 15 என்று போட்டிருக்கிறார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது மக்களா, கட்சி மேலிடமா?

மொட்டைமாடி:
ஓட்டில் கிடைத்தது சாண்டர்ஸுக்கு 15, ஹிலாரிக்கு 9. ஹிலாரி பக்கம் சேர்ந்த மீதி 6 பேர் சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது எம்.பி., கவர்னர், கட்சி நிர்வாகி மாதிரி ஆட்கள், இவர்கள் மாநிலத்தில் யார் ஜெயித்தாலும் தங்களுக்குப் பிடித்தவரை ஆதரிக்கலாம். 1968-இல் துணை அதிபராக இருந்த ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமலே வேட்பாளரானார், கட்சியின் சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவில் அடிதடி. அப்புறம் விதியை மாற்றி ஓட்டுக்கு மரியாதை கொடுத்தார்கள். 1972-இல் அந்த விதிப்படி மெக்கவர்ன் வேட்பாளராக வந்தார், அதிபர் தேர்தலில் 49 மாநிலங்களில் தோற்றார். 1980-இல் கார்ட்டரும் தோற்றதும் மேலிடம் பயந்துபோய், 1984 முதல் இந்த சூப்பர் டெலிகேட் ஏற்பாடு.

கடைசிபெஞ்ச்:
எல்லாம் சரி, ஆனால் சாண்டர்ஸை சூப்பர் டெலிகேட்டுகள்தான் கவிழ்த்தார்கள் என்று சொல்லாதீர்கள். ஓட்டில் வந்த டெலிகேட்டுகளை மட்டும் எண்ணினாலும் ஹிலாரிதான் முன்னால், 2205-க்கு 1846. மேலிடத்தின் கை வேறு இடத்தில் வேலை செய்யும். 2020-இல் சூப்பர் டியூஸ்டேக்கு (பல மாநிலங்களில் ஒரே நாளில் பிரைமரி நடக்கும் செவ்வாய்க்கிழமை) முந்தைய இரண்டு நாளில் போட்டியில் இருந்த புட்டிஜெஜ், குளோபுசார் இருவரும் விலகி பைடனை ஆதரித்தார்கள் பாருங்கள், அதுதான். குடியரசுக் கட்சி மேலிடத்துக்கு 2016-இல் அந்த ஒற்றுமை வாய்க்கவில்லை. சவுத் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆனால் எதிர் ஓட்டு ஐந்தாகச் சிதறியதில் 50 டெலிகேட்டும் அவருக்கே.

மொட்டைமாடி:
கவிழ்த்தார்கள் என்று நான் சொல்லவே இல்லையே. ஆனால் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான பெரிய தலைகள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், தினமும் டிவியில் அந்தக் கூட்டலைப் பார்க்கிறவனுக்கு 'இனி யாருக்குப் போட்டு என்ன' என்றுதான் தோன்றும். அதனால்தான் 2018-இல் விதியை மாற்றினார்கள். இப்போது போட்டி இருந்தால் மாநாட்டின் முதல் சுற்று ஓட்டெடுப்பில் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு ஓட்டு கிடையாது.

சனிக்கிழமைவாசி:
நன்றி. அப்படியென்றால் 2024-ஐ எதில் சேர்ப்பது? பிரைமரியில் ஓட்டு வாங்கியவர் பைடன், ஜூலை 21 அன்று விலகினார், ஆகஸ்ட் முதல் வாரத்தில் கமலா ஹாரிஸ் வேட்பாளர்.

கடைசிபெஞ்ச்:
அதில் சூப்பர் டெலிகேட் தேவையே படவில்லை. பைடனுக்காகத் தேர்வான டெலிகேட்டுகளே ஆன்லைனில் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் பைடனை விலகவைத்த நெருக்கடி எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள், பிரைமரி ஓட்டுச்சீட்டிலிருந்து இல்லை.