சின்ன சர்வர் ரூம், ஒரே ஏர்கான், நீண்ட விடுமுறை: என்ன செய்யலாம்?

யூபி_ஐடி_ஆள்:
வணக்கம். சிங்கப்பூரில் யூபி வட்டாரத்தில் ஒரு சின்ன சரக்குக் கம்பெனியில் வேலை, ஐடி டிபார்ட்மென்ட் என்றால் நான் ஒருத்தன்தான். சர்வர் ரூம் என்று நாங்கள் சொல்வது முன்பு ஸ்டோராக இருந்த இடம், 2 மீட்டருக்கு 2.5 மீட்டர், ஜன்னல் கிடையாது. ஒரே ரேக்கில் மூன்று சர்வர், ஒரு நாஸ் (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி), இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச், இன்டர்நெட் வாசலில் நிற்கும் ஃபயர்வால், அடியில் கரண்ட் போனால் தாங்கும் யூபிஎஸ். கட்டடத்து ஏர்கான் சாயங்காலம் ஆறரைக்கு நின்றுவிடும், சனிக்கிழமை ஒரு மணிக்கே நின்றுவிடும். அதனால் இந்த ரூமுக்கென்று ஒரு பழைய 9000 பிடியூ சுவர் ஏர்கான் (பிடியூ என்பது சூட்டின் அளவு, மணிக்கு அத்தனை சூட்டை வெளியேற்றும்) 24 மணி நேரமும் ஓடுகிறது, 16 டிகிரியில் வைத்திருக்கிறேன்.

சீனப் புத்தாண்டு இரண்டாம் நாள் காலையில் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது நாஸிலிருந்து மெயில். டாக்சி பிடித்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அடுப்படி மாதிரி சூடு முகத்தில் அடிக்கிறது, தெர்மாமீட்டரில் 43. ஏர்கானில் விளக்கு எரிகிறது, காற்றும் வருகிறது, ஆனால் குளிர்ச்சி துளிகூட இல்லை. ஒரு சர்வர் தானாகவே அணைந்திருந்தது, நாஸில் ஒரு டிஸ்க் போயே போய்விட்டது. இப்போது முதலாளி "24000 பிடியூ ஒன்று பெரிசா வாங்கிப் போட்டுடு" என்கிறார். வாங்கலாமா?

ஏர்கான்_அங்கிள்:
வாங்காதே தம்பி. முதலில் யூபிஎஸ் திரையில் எத்தனை வாட் காட்டுகிறது பார், அதை 3.41ஆல் பெருக்கினால் உன் சாமான்கள் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பிடியூ சூட்டைக் கக்குகின்றன என்று வந்துவிடும், ஏனென்றால் உள்ளே போகிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. நீ சொல்கிற சாமானுக்கு 1400 வாட் இருக்கலாம், அது ஏறக்குறைய 4800 பிடியூ. சுவர் வழியே வருகிற சூடு, விளக்கு எல்லாம் சேர்த்தாலும் 9000 போதும். ஆகவே உன் சிக்கல் அளவில் இல்லை, ஒன்றே ஒன்றை நம்பியிருப்பதில் இருக்கிறது. அந்த இடத்துக்கு 24000 போட்டால் இரண்டு நிமிஷத்தில் குளிரடித்துவிட்டு நிற்கும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும், ஈரத்தையும் சரியாக இழுக்காது, கம்ப்ரஸருக்கும் ஆயுசு குறையும். அதுவும் ஒரு நாள் படுத்தால் மறுபடி நீ தோசையை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

அதே அளவில் இன்னொன்று வாங்கு. இரண்டையும் டைமரில் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக மாற்றி ஓடவிடு, ரூம் 28ஐத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். இரண்டுக்கும் தனித்தனி பிரேக்கர். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்குகிறதா என்று கடையிலேயே கேட்டு வாங்கு, சில மாடல் ரிமோட்டை அழுத்தும்வரை சும்மாவே கிடக்கும். உட்புற யூனிட்டை ரேக்குக்கு நேர் மேலே மாட்டவிடாதே. தண்ணீர் வெளியேறும் பைப் ஒரு நாள் அடைக்கும், அடைத்தே தீரும், அந்தத் தண்ணீர் எங்கே சொட்டும் என்று யோசித்துக்கொள்.

கோப்பி_ஓ_கோசோங்:
அங்கிள் சொன்னது சரி, ஆனால் ரிமோட்டில் 16 வைத்தால் ரேக்குக்கு 16 போகிறது என்று நினைப்பதை முதலில் விடுங்கள். சர்வர் முன்பக்கத்தில் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது, கணக்கு அந்த முன்பக்கத்துச் சூடுதான். ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம் பரிந்துரைப்பது அந்த இடத்தில் 18 முதல் 27 டிகிரி வரை. நம்மூரில் தகவல் தொடர்புத் துறையைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏ 2023 ஜூனில் கொண்டுவந்த டேட்டா சென்டர் தரநிலையே 26 டிகிரிக்கும் மேலே ஓட்டப் பார்க்கச் சொல்கிறது, ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் குளிரூட்டும் செலவில் 2 முதல் 5 சதவீதம் மிச்சமாம். நீங்கள் இத்தனை நாளும் அந்தப் பழைய மிஷினை மூச்சு விடாமல் ஓடவிட்டிருக்கிறீர்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். முஸ்தபா கடையில் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் மூன்று வாங்கி ரேக்கின் முன்பக்கம் கீழே, நடுவில், மேலே ஒட்டுங்கள். ரேக்கில் காலியாக இருக்கிற இடங்களைத் தகடு போட்டு மூடாவிட்டால் பின்னால் வந்த சூடு அந்த ஓட்டை வழியாகவே முன்னால் திரும்பி வந்து மேல் சர்வருக்குள் போகும். ரேக்குக்குக் கண்ணாடிக் கதவு இருந்தால் கழற்றி வையுங்கள்.

ஏர்கான் நின்றால் பெரிய இடமே தப்பாது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் முடங்கினவே, அன்றைக்கும் டேட்டா சென்டரில் குளிரூட்டும் கோளாறுதான். கோப்பிக் கடையில் ஃபோனில் பணம் அனுப்பும் பேநவ் போகாமல் எல்லாரும் சில்லறை தேடினோம்.

மழைக்கால_அட்மின்:
அடுத்த தடவை ஏர்கான் படுத்தால் கதவைத் திறந்து ஃபேன் வைக்கத்தான் தோன்றும். 40ஐத் தாண்டிவிட்டால் வைக்கத்தான் வேண்டும், ஆனால் அதையே வழக்கமாக்காதீர்கள். வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த இரும்பும் வியர்க்கும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோடா டின் மாதிரி. 16 டிகிரியில் ஊறிய ரேக் நன்றாகவே வியர்க்கும். கையோடு தூக்கி வைக்கிற ஏர்கான் வாங்குகிறவர்கள் அதன் சூட்டுக் குழாயை அதே ரூமுக்குள் விடுவதையும் பார்த்திருக்கிறேன் லா, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இன்னொன்று, உங்களுக்கு மெயில் வந்தது அதிர்ஷ்டம். ஃபயர்வால் முதலில் அணைந்திருந்தால் அந்த மெயில் எப்படி வெளியே போகும்? சிம் கார்டு போட்டுத் தனியாக எஸ்எம்எஸ் அனுப்புகிற சென்சார் ஒன்று வையுங்கள். 30இல் செய்தி, 35இல் முக்கியமில்லாத சர்வர் தானாக ஷட்டவுன், 38இல் மற்றதெல்லாம் என்று ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஒழுங்காக அணைந்த சர்வர் மறுநாள் எழுந்து வரும். யூபிஎஸ் பேட்டரியையும் சோதியுங்கள், ஈய அமில பேட்டரிக்கு 25க்கு மேல் நிரந்தரமாகப் பத்து டிகிரி கூடினால் ஆயுசு பாதியாகும்.

யூபி_ஐடி_ஆள்:
எல்லாருக்கும் நன்றி. யூபிஎஸ் 1320 வாட் காட்டுகிறது, அங்கிள் கண்ணாலேயே எடை போட்டுவிட்டார். தெர்மாமீட்டர் ஒட்டிப் பார்த்தேன்: கீழே 21, நடுவில் 24, மேலே 31! ரிமோட்டில் 16. காலி இடங்களில் இப்போதைக்கு அட்டையை வெட்டி ஒட்டினேன், அரை மணி நேரத்தில் மேலே 26க்கு வந்துவிட்டது. தகடு ஆர்டர் போட்டாச்சு. ரிமோட்டை 22க்கு ஏற்றிவிட்டேன், கை கொஞ்சம் நடுங்கியது.

அப்புறம் ஏர்கான்காரர் வந்து பார்த்தார். வெளி யூனிட் ஃபேனைச் சுற்றவைக்கும் கெப்பாசிட்டர் உப்பிப்போயிருந்தது. ஃபேன் சுற்றாததால் கம்ப்ரஸர் சூடாகி நின்று நின்று ஓடியிருக்கிறது. விரல் நீளச் சாமான். அதையும் செத்துப்போன டிஸ்க்கையும் முதலாளி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டாவது ஏர்கானுக்குக் கொட்டேஷன் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளி யூனிட்டை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது கேள்வி, பழையதற்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது.

ஏர்கான்_அங்கிள்:
ஒன்றின் சூட்டை இன்னொன்று இழுக்காத மாதிரி தள்ளி வை. அதற்கு முன்னால் கட்டட மேனேஜ்மென்ட்டிடம் எழுத்தில் அனுமதி வாங்கு, துளை போட்ட பிறகு கேட்காதே.