சூப்பர்ஹீட் 10 டிகிரி ஃபாரன்ஹீட்டை செல்சியஸுக்கு மாத்தினா மைனஸ் 12 வருது, எங்க தப்பு?

காசிமேடு கோல்ட்ரூம்:
மீன் வைக்கிற கோல்ட் ரூம், குளிரூட்டுறது ஆர்-22 கேஸ், அறை 2 டிகிரி செல்சியஸ். அமெரிக்க மேனுவல்ல சூப்பர்ஹீட் 8லேர்ந்து 12 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கணும்னு போட்டிருக்கு. கையில இருக்கிற கிளாம்ப் தெர்மாமீட்டர் செல்சியஸ்தான் காட்டும். போன் ஆப்ல 10 போட்டா மைனஸ் 12.2ன்னு வருது. சூப்பர்ஹீட் எப்படிண்ணே மைனஸ்ல வரும்? இப்ப சக்‌ஷன் கேஜ் (கம்ப்ரசர் உறிஞ்சுற பக்கத்து அழுத்தம்) 43 பிஎஸ்ஐ, பல்ப் (காயிலுக்கு கேஸ் விடுற எக்ஸ்பான்ஷன் வால்வோட வெப்ப உணரி) கிட்ட பைப் மைனஸ் 4.5. கம்ப்ரசர் பாடி வரைக்கும் பனி பிடிக்குது.

ராயபுரம் மெக்கானிக்:
தம்பி, ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக்க ஆப் ஒரு 32ஐக் கழிக்குது, முதல்ல அந்த 32ஐ விடு. சூப்பர்ஹீட்ங்கிறது ஒரு வெப்பநிலை இல்ல, பைப், உள்ள இருக்கிற கேஸோட கொதிநிலை, இந்த ரெண்டு வெப்பநிலைக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம். பைப் 30, கேஸ் கொதிநிலை 20ன்னா ரெண்டுலயும் 32 கழியும். ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிக்கும்போது அந்த 32 அடிபட்டுப் போயிடும். மிச்சம் அளவுகோலோட படி மட்டும்தான். ஐஸ் உருகுறதுலேர்ந்து தண்ணி கொதிக்கிற வரைக்கும் செல்சியஸ்ல 100 படி, ஃபாரன்ஹீட்ல 180. அதனால வித்தியாசத்தை 1.8ஆல வகுத்தா போதும். 8 வந்து 4.4, 10 வந்து 5.6, 12 வந்து 6.7.

இப்ப உன் ரீடிங். ஆர்-22க்கு 43 பிஎஸ்ஐன்னா கொதிநிலை 20 டிகிரி ஃபாரன்ஹீட். இது நிஜமான வெப்பநிலை, இங்க 32ஐக் கழிச்சே ஆகணும்: மைனஸ் 6.7 செல்சியஸ். பைப் மைனஸ் 4.5. வித்தியாசம் 2.2தான், ஃபாரன்ஹீட்ல 4. மேனுவல் கேக்குற குறைஞ்ச அளவுலயே பாதிதான் இருக்கு. எவாப்பரேட்டர்ல (அறையைக் குளிர வைக்கிற காயில்) முழுசா ஆவியாகாம திரவம் கம்ப்ரசருக்குத் திரும்புது. அப்படியே ஓட்டினா ஆயில் நீர்த்துப் போகும், வால்வு பிளேட் உடையும்.

வால்வு ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி பல்பைப் பாரு. கிளாம்ப் தளர்ந்தோ, இன்சுலேஷன் கிழிஞ்சோ இருந்தா அறைக் காத்து பட்டு பல்ப் சூடாகி வால்வு அதிகமாத் திறக்கும். கடல் காத்துல கிளாம்ப் துருப்பிடிச்சுத் தளர்றது சகஜம். அது சரியா இருந்தா மட்டும் எக்ஸ்பான்ஷன் வால்வு ஸ்க்ரூவை வலப்பக்கம் கால் சுத்து. 20 நிமிஷம் காத்திருந்து திரும்ப அள.

மணலி இன்ஸ்ட்ருமென்ட்:
சரியான விளக்கம். ஒண்ணு சேர்க்கணும்: எக்செல்ல இருக்கிற கன்வர்ட் ஃபங்ஷனும் ஃபாரன்ஹீட்னு கொடுத்தா 32ஐக் கழிச்சிடும். வித்தியாசத்துக்கு நேரா 5ஆல பெருக்கி 9ஆல வகுங்க. தெர்மோஸ்டாட் டிஃபரன்ஷியல் (ஆன் ஆகுற, ஆஃப் ஆகுற வெப்பநிலைகளோட வித்தியாசம்), பிளஸ் ஆர் மைனஸ்னு போடுற பிழை அளவு, எல்லாத்துக்கும் இதே விதிதான். பிளஸ் ஆர் மைனஸ் 2 ஃபாரன்ஹீட்னா 1.1 செல்சியஸ். கெல்வின்ல எழுதியிருந்தா மாத்தவே வேணாம், ஒரு கெல்வின் படியும் ஒரு செல்சியஸ் படியும் ஒண்ணு. அங்க 273ஐக் கொண்டுவந்து கூட்டுறதும் இதே தப்புதான். நுங்கம்பாக்கத்துல வெயில் இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் அதிகம்னு வானிலை அறிக்கை சொன்னா, அது 5.4 ஃபாரன்ஹீட் கூடுதல். 37.4 இல்ல.

காசிமேடு கோல்ட்ரூம்:
பல்ப் கிளாம்ப் இறுக்கமாத்தான் இருந்துச்சுண்ணே. ரெண்டு தடவை கால் கால் சுத்து வெச்சேன். இப்ப 41 பிஎஸ்ஐ, சார்ட்ல 18 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 7.8. பைப் மைனஸ் 2.4. வித்தியாசம் 5.4, ஃபாரன்ஹீட்ல 9.7. கம்ப்ரசர் பாடியில பனி கரைய ஆரம்பிச்சிருக்கு.

ராயபுரம் மெக்கானிக்:
அதோட நிறுத்து, இனிமே சுத்தாத. ஸ்க்ரூ மேல இருக்கிற ஸ்டெம் மூடியை மறக்காம இறுக்கு, அங்கதான் கேஸ் கசியும். அறை 2 டிகிரிக்கு வந்து செட்டான நேரத்துல இன்னொரு தடவை அளந்து போடு.