ஆட்டோ பின்னாடி ஒட்ட ரெண்டு வரி வேணும்

வணக்கம் மக்களே. மருத்துவக் கஞ்சாவுக்கு ஆதரவா ஆட்டோவுல ஒட்ட வாசகம் தேடுறோம். 1985 போதைப்பொருள் சட்டத்துலயே மருத்துவ, ஆராய்ச்சித் தேவைக்கு விலக்கு இருக்கு. 2020 டிசம்பர்ல, கஞ்சாவை ஐ.நா.வோட மிகக் கடுமையான பட்டியல்லேர்ந்து எடுக்க இந்தியாவும் ஆதரவா ஓட்டுப் போட்டுச்சு. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் எழுதினது: "வலிக்கு மருந்து கேட்டா வழக்கா?" வீட்டுல படிச்சுட்டு, "பசங்களைப் புகைக்கச் சொல்ற மாதிரி இருக்கு"ன்னுட்டாங்க. நியாயம்தான்.

வலிப்பு வர்ற குழந்தைங்க, கீமோ வாந்தி, இதுல ஒண்ணு வரணும். எட்டுச் சொல்லுக்குள்ள, எதுகையோட இருந்தா நல்லது. "சகல நோயும் தீரும்" ரகம் மட்டும் வேண்டாம், அது பொய். டிராஃபிக்ல பின்னாடி நிக்கிற பைக்காரர் ஒரே பார்வையில படிக்கணும். தோணுறதைப் போடுங்க, ப்ளீஸ்.