கூட்டல் குறி போட்டால் ஸ்ட்ரிங் மாறுமா?

குடந்தையான்:
“ஜாவா நிரல்மொழியில் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) மாறாது என்பது ஏட்டுச் சுரைக்காய், ஒரு கூட்டல் குறி போட்டால் மாறிவிடும்” என்று மன்னை மைந்தன் புதியவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். படித்ததும் பொறுக்கவில்லை. ஆறு, நதி என்று இரண்டு பெயர்கள் வையுங்கள்: ஆறு = "காவேரி". நதி = ஆறு. அடுத்து ஆறு += "க்கரை" என்று வாலில் ஒட்டுங்கள். இப்போது நதியை அச்சிடுங்கள். "காவேரி" என்றே வரும். மாறியிருந்தால் எப்படி வரும்?

மன்னை மைந்தன்:
ஆற்றை அச்சிட்டேன், "காவேரிக்கரை" வந்தது. கண்ணால் கண்டதை இல்லை என்கிறீர்களே!

குடந்தையான்:
‘ஆறு’ என்ற பெயர் வெறும் சீட்டு, அது இப்போது புது ஸ்ட்ரிங்கில் தொங்குகிறது. ஆடுதுறை 43 நெல் மூட்டையில் தொங்கிய சீட்டை அவிழ்த்துப் பொன்னி மூட்டையில் கட்டினால் நெல்லா மாறியது?

மன்னை மைந்தன்:
மூட்டைக் கதை வேண்டாம். திரையில் மாறியதா, இல்லையா?

ஐயாற்றுவாசி:
முதலில் "காவேரி" என்பதே பிழை. காவிரிப்பூம்பட்டினம் என்றுதானே சொல்கிறோம்?

மன்னை மைந்தன்:
காவேரிப்பாக்கம் என்று ஊரே இருக்கிறது.

ஐயாற்றுவாசி:
அது ராணிப்பேட்டை மாவட்டம் ஐயா. டெல்டாவில் பிறந்துவிட்டு அங்கே போயா சாட்சி தேடுவது?

குடந்தையான்:
பிழை என்றே வையுங்கள். ஆறு.ரீப்ளேஸ்("வே", "வி") என்று திருத்திவிட்டு ஆற்றை அச்சிடுங்கள். "காவேரிக்கரை" அப்படியே நிற்கும். திருத்தியது புது ஸ்ட்ரிங்காகத் திரும்பி வருகிறது. அதை வாங்கி வைக்காவிட்டால் போயிற்று.

இதில் நான் பட்டிருக்கிறேன். ஓர் அரவை மில்லுக்கு ரசீதுப் பட்டியல்: 1 லட்சம் வரி, வரிக்கு 50 எழுத்து. வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் சுழலுக்குள் (loop) கூட்டல் குறி போட்டிருந்தேன். பட்டியலில் மொத்தமே 50 லட்சம் எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் அதுவரை சேர்ந்தது முழுவதும் மறுபடி நகலானதால், ஏறக்குறைய 25,000 கோடி எழுத்துகள் நகலாயின. மில்காரர் வாங்கி வந்த காப்பி ஆறிப்போயிற்று, பட்டியல் வரவில்லை. முழுவதையும் மறுபடி நகலெடுக்காமல் வாலில் சேர்த்துக்கொண்டே போகும் ஸ்ட்ரிங்பில்டருக்கு மாற்றினேன், கண் இமைப்பதற்குள் முடிந்தது. 2004-இல் ஜாவா 5 வந்ததிலிருந்து அது இருக்கிறது!

நன்னிலத்தான்:
ஸ்ட்ரிங் மாறாததால்தான், சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தேடித் தரும் ஹேஷ்மேப்பில் அதைச் சாவியாக நம்பி வைக்கிறோம்.

மன்னை மைந்தன்:
ரூபி மொழியில் மாறுகிறதே?

குடந்தையான்:
பேச்சு ஜாவாவைப் பற்றி.

மன்னை மைந்தன்:
போன மாதம் "காவிரி" என்ற ஸ்ட்ரிங்கின் நீளம் 6 என்று சொல்லி, மூன்று என்ற என்னைச் சபையில் தலைகுனிய வைத்தவர்தானே நீங்கள்?

குடந்தையான்:
ஜாவா 6 என்றுதான் சொல்லும். கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. அன்றும் நீங்கள் ஓட்டிப் பார்க்கவில்லை.

மன்னை மைந்தன்:
இன்று ஓட்டினேன். ஆறு மாறியது.

குடந்தையான்:
நதியை அச்சிட்டீர்களா?

மன்னை மைந்தன்:
அதை ஏன் நான் அச்சிட வேண்டும்?