'கேப்பிங்' - மூடாக்கா, மூடடுக்கா?

குழுவினருக்கு வணக்கம்.

முலாம்பூச்சுப் பட்டறை இருந்த ஓசூர்ப் பக்க மனைகளைப் பூங்காவாக்கும் பணிக்கான சொற்பட்டியலில் 'கேப்பிங்' (நஞ்சேறிய மண்ணை மேலே அடுக்குகள் போட்டு மூடுவது) என்பதற்கு 'மூடாக்கு' என்று இருக்கிறது. மாற்ற வேண்டும். நம் பக்கத்து விவசாயிக்கு மூடாக்கு என்றால் செடியடியில் பரப்பும் சருகு, வைக்கோல். அது மழைநீரை உள்ளே விடும். இங்கே நஞ்சுமண்ணுக்குள் மழைநீர் இறங்கவே கூடாது.

'மூடடுக்கு' என்பது என் முன்மொழிவு. அடியில் 60 செ.மீ. களிமண்; 15 செ.மீ. வீதம் கொட்டி, ஈரம் பார்த்து, உருளை ஓட்டி இறுக்க வேண்டும். நீர் ஊடுருவல் வினாடிக்கு 10⁻⁷ செ.மீ.க்கு மேல் போகக்கூடாது; ஆண்டுக்கு ஏறத்தாழ 3 செ.மீ. அதன்மேல் 1.5 மி.மீ. எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பிளாஸ்டிக்) விரிப்பு, 30 செ.மீ. மணல் வடிகால், 60 செ.மீ. மேல்மண். சரிவு 3 முதல் 5 விழுக்காடு. நம் செம்மண்ணை மட்டும் இறுக்கினால் பெரும்பாலும் இந்த அளவு வராது, பெண்டோனைட் (நீர்பட்டால் உப்பி இடைவெளி அடைக்கும் களிமண்) கலக்க வேண்டும். விரிப்புப் போடத் தாமதமானால் வெயிலில் களிமண் வெடித்துவிடும், செய்த வேலை வீண்.

---

ஐயா,

சொல் நன்று. ஆனால் 'மாசுநீக்கம்' என்ற தலைப்பின்கீழ் அதை வைக்காதீர்கள். மூடினால் நஞ்சு அங்கேயேதான் இருக்கும். முலாம்பூச்சுக் கழிவிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரைந்து நகரும். நம் மாவட்டத்தில் அடியில் இருப்பது வெடிப்புள்ள பாறை. பக்கவாட்டில் வரும் நிலத்தடி நீர் மூடடுக்குக்குக் கீழேயே அதை அலசிக்கொண்டு போகும்.

மாசுநீக்கம் என்றால் அன்னபேதி (இரும்பு சல்பேட்டு) கலந்து அந்தக் குரோமியத்தை, நீரில் எளிதில் கரையாத மூன்று இணைதிறன் நிலைக்கு இறக்குவது. ஒரு கிலோ குரோமியத்துக்குக் கணக்குப்படி 16 கிலோ அன்னபேதி. காரமண்ணில் காற்றுப் பட்டே பாதி இரும்பு வீணாகலாம், ஆகவே களத்தில் கூடுதலாகத்தான் பிடிக்கும். அமெரிக்காவின் சியாட்டிலில் எரிவாயு ஆலை மனையில் 1975இல் பூங்கா திறந்தார்கள். மாசு வேலை அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் தொடர்ந்தது.

'அடக்கிவைப்பு' என்று தனித் தலைப்புப் போட்டு மூடடுக்கை அங்கே சேர்க்கலாம்.

---

இருவருக்கும் வணக்கம்.

'அடக்கிவைப்பு' எனக்கும் சம்மதம். கூடவே 'வேர்த்தடை' சேருங்கள்: மேல்மண்ணுக்கு அடியில் போடும் உடைகல் அடுக்கு. கிருஷ்ணகிரியில் கிரானைட் கழிவுக்கல்லுக்குப் பஞ்சமில்லை. வேம்பு, புங்கன் வேர் 60 செ.மீ.யில் நிற்காது, மரம் வேண்டுமென்றால் மண்மேடு எழுப்பி நட வேண்டும், மற்ற இடத்தில் புல்லும் குறுஞ்செடியும் போதும். அடக்கிவைப்பு விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்: இந்த மனையில் ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது.